பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன கூலி?

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையை ஒருவர் தனியாக உட்கார்ந்து நெய்துவிட முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை கோத்து வாங்க வேண்டும். நெய்கிறவருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அதற்கும் முன்னால் பட்டைப் பிரிப்பது, தார் சுற்றுவது, பாவை இழுத்துக் கட்டி அறுந்த இழைகளை முடிவது என்று பல நாள் வேலை கிடக்கிறது. பெரிய காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் இந்த வேலைகளில் பெரும்பங்கு வீட்டுப் பெண்களின் கையில்தான் நடக்கிறது. ஆனால் சங்கத்திலோ முதலாளியிடமோ கூலி பேசும்போது புடவை ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. அதுவும் ஒரு பெயரில்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்த கைக்குத் தனியாக ஒரு வரி எந்த நோட்டிலும் ஏறாது. குடும்பம்தானே, இதில் என்ன கணக்கு என்று விட்டுவிடுகிறோம்.

அதே வீட்டுக்குள் இன்னொரு வேலையிலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்வது முழுநேர வேலை. உடன்பிறந்தவர்களில் ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். மாதாமாதம் பணம் வந்துவிடும். ‘தம்பியை அவன்தானே பார்த்துக்கிறான்’ என்று உறவில் பேசுவது அந்தப் பணம் அனுப்புகிறவரைப் பற்றித்தான். முப்பது வயது உடம்பைக் காலையில் தூக்கி உட்காரவைத்து, பல் தேய்த்துவிட்டு, புரையேறாமல் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டி, டயாபர் மாற்றி, முதுகில் புண் கிளம்புகிறதா என்று புரட்டிப் பார்த்து, ராத்திரி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து விடியும்வரை விழித்திருக்கிறவர் அம்மாவாக இருக்கலாம், அண்ணியாக இருக்கலாம், கல்யாணமாகாமல் தங்கிவிட்ட அக்காவாக இருக்கலாம். அவரைப் பற்றிக் கேட்டால் ‘வீட்டில் சும்மாதான் இருக்காங்க’ என்று பதில் வரும். பங்குனியில் ஏகாம்பரநாதர் தேர் ராஜ வீதிகளில் வரும்போது ஊரே தெருவில் நிற்கிறது. இவர் வாசற்படிவரை வந்து மேளச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பிவிடுகிறார். வெளிநாட்டில் இருந்தபடி இப்படிப்பட்ட குடும்பத்தைத் தாங்குகிறவர்கள், அனுப்பும் பணத்தில் முதல் செலவாக எழுத வேண்டியது இவருடைய கூலியைத்தான். அவர் பெயரிலேயே ஒரு மாதத் தொகை. அதோடு வாரத்தில் சில மணி நேரம் அவர் எழுந்து வெளியே போய்வர மாற்று ஆள் ஒருவர். மருந்து, வீல்சேர், பிசியோதெரபி எல்லாம் அதற்கு அடுத்த வரிகள். காரணம் எளிது: அந்த மருந்தைக் கொடுப்பதும் வீல்சேரைத் தள்ளுவதும் இவருடைய கைதான். அந்தக் கை ஓய்ந்தால் வாங்கிப்போட்ட எதுவும் வேலைக்கு ஆகாது.

பணம் அனுப்புவது எதற்கு, கூடவே கூட்டிக்கொண்டு போகலாமே என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். 2015இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்களை ஏறத்தாழ 22 லட்சம் என்று சொன்னது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, அமெரிக்கா என்று அந்த வரிசை போகிறது. அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். கட்டடத் தொழிலாளியாகப் போனவருக்கு அது எட்டாது. படித்துப் போனவருக்குக் கதவு திறந்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஆஸ்திரேலியா தன் நிரந்தர விசாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மருத்துவ நிபந்தனை வைத்திருக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு ஆகும் மருத்துவ, நலச் செலவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் என்று மதிப்பிட்டால் மொத்தக் குடும்பத்தின் விண்ணப்பமும் விழுந்துவிடும். 2024 ஜூலையில் அந்த வரம்பை 86,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தினார்கள். விதி அப்படியே நிற்கிறது. கனடாவும் இதே மாதிரி விதியை 2018இல் தளர்த்தியது, எடுத்துவிடவில்லை. ஆகவே, ‘விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்’ என்ற பழிச்சொல் பலருக்குப் பொருந்தாது. ‘வேலையை விட்டுத் திரும்பி வரட்டும்’ என்பதும் வாய்க்கு எளிதான தீர்ப்புதான். திரும்பி வந்தால் வீட்டில் இரண்டு கை கூடும். வலிப்பு மாத்திரைக்கும் வாடகைக்கும் வரும் பணம் நின்றுபோகும். யார் எங்கே இருப்பது என்பதில் நியாயம் தேடிப் பயனில்லை. இருக்கிற இடத்திலிருந்து எதற்குப் பணம் தருகிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

பெரிய காஞ்சிபுரம் போன்ற ஊரில் இந்தக் கேள்வி முன்பு இவ்வளவு உறைக்கவில்லை. குழித்தறி வீட்டுக் கூடத்திலேயே இருந்தது. அப்பா தறியில், அம்மா தார் சுற்றிக்கொண்டு, பாட்டி திண்ணையில். கூடத்தின் ஒரு மூலையில் பாயில் கிடக்கும் பிள்ளையின் மேல் யாராவது ஒருவர் கண் இருந்துகொண்டே இருக்கும். பார்த்துக்கொள்ளும் வேலை நான்கு பேருக்குள் பிரிந்துகிடந்ததால் வேலையாகவே தெரியவில்லை. இப்போது இளவயதுக்காரர்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் வேலைக்குப் பஸ் ஏறுகிறார்கள், சிலர் விமானம் ஏறுகிறார்கள். தறி போனதும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்களும் போனார்கள். நான்கு பேர் வேலை ஒருவர் தலையில் விழுந்தது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார்கள், நாளுக்கு 140 நிமிடம், ஆண்களில் 21.4 விழுக்காடு, 74 நிமிடம். இது எல்லா வீடுகளையும் சேர்த்த சராசரி. பிள்ளை வளர்ந்து தானாகச் சாப்பிடத் தொடங்கினால் அந்த நிமிடங்கள் குறைந்துவிடும். இங்கே நாம் பேசுகிற வீட்டில் குறைவதில்லை. பிள்ளையின் உடம்பு கனத்துக்கொண்டே போகிறது, தூக்குகிறவரின் முதுகு வளைந்துகொண்டே போகிறது. தமிழ்நாடு அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை சில ஆண்டுகளுக்கு முன் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு அறுபத்தாறு ரூபாய்ச் சொச்சம். அதுவும் மாற்றுத்திறனாளியின் பெயரில். பார்த்துக்கொள்கிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

‘பெற்ற தாய்க்குச் சம்பளமா? பாசத்துக்கு விலை வைப்பதா?’ என்ற கேள்வி உடனே எழும். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனாலும் இதை ஒரு பெண்ணிடம் மட்டும்தான் கேட்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். அண்ணன் அனுப்பும் பணத்தைப் பாசம் என்றுதான் சொல்கிறோம், அது ரூபாயில் வருவதால் பாசம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ பெண்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு முதியவரைக் குளிப்பாட்டினால், நடக்க முடியாத குழந்தைக்கு ஊட்டினால், அதற்கு ஒப்பந்தம் உண்டு, மாதச் சம்பளம் உண்டு. அதே கை அதே வேலையைத் தன் வீட்டில் செய்தால் கடமை. சிங்கப்பூர் அரசு 2019இல் வீட்டுப் பராமரிப்புக்கென்று மாதம் 200 வெள்ளி தரும் திட்டத்தைத் தொடங்கிப் பிறகு தொகையையும் கூட்டியது. ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்பீடு நடைமுறையில் இருக்கிறது: வீட்டாரே பார்த்துக்கொண்டால் அதற்கென மாதத் தொகை கிடைக்கிறது, பார்த்துக்கொள்கிறவரின் ஓய்வூதியத்துக்கும் காப்பீட்டிலிருந்தே பங்கு கட்டப்படுகிறது, அவர் விடுப்பில் போனால் மாற்று ஆளுக்கும் செலவு தரப்படுகிறது. முப்பது ஆண்டுகளாக அந்த நாட்டுத் தாய்மார்கள் பாசம் வற்றிப்போய் உட்கார்ந்திருக்கவில்லை. அங்கே வரி கட்டும் தமிழர்கள் இதையெல்லாம் அறிந்தவர்கள். அங்கே உரிமை என்று ஒப்புக்கொண்டதை ஊரில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் ஏன் கூசிக்கொண்டு மறுக்க வேண்டும்?

இதைவிடச் செல்வாக்கான இன்னொரு யோசனை, ‘நல்ல ஹோம் ஒன்றில் சேர்த்துவிடலாம்’ என்பது. வசதி கூடியவர்களிடம் இது ‘ஊரில் நாமே ஒரு ஹோம் கட்டிவிடலாம்’ என்று வளரும். கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம், திறப்பு விழாவுக்கு விடுப்பில் வரலாம். ஆள் சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது. பார்த்துக்கொள்ள எவருமே மிஞ்சாதவர்களுக்கு விடுதி வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதைத் தமிழ்நாடு மறந்துவிடக் கூடாது. அவர்களையும் வீட்டார்தான் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சட்டம் மாறியது, கண்காணிப்பு வந்தது. சென்னையின் ‘தி பான்யன்’ போன்ற அமைப்புகள் பெரிய விடுதியை விட்டு, சாதாரணத் தெருவில் வாடகை வீடு பிடித்து நான்கைந்து பேரைத் துணையோடு குடியமர்த்தும் வழிக்கு வந்திருக்கின்றன. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். கனடாவில் இருப்பவர்கள் நடத்தும் ஹாண்டி கேர் இன்டர்நேஷனல் அந்தச் சங்கத்துக்கு நெடுங்காலமாகத் துணை நிற்கிறது. வெளிநாட்டுப் பணமும் அறிவும் அங்கே வெறும் கட்டடமாக நின்றுவிடாமல், ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, கையில் ஒரு செயலியோடு வீடு வீடாக அனுப்பும் முறையாக மாறியது. வீட்டுக்கு வந்து போகிற அந்த ஒரு ஆள் தாய்க்குக் கற்றுத்தருகிறார், கூடவே பேச்சுத்துணையாகவும் இருக்கிறார்.

காஞ்சிபுரத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், பெரிய நிறுவனம் ஒன்று கிட்டத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த ஊர் இது. பன்முகக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது, 2005இல் வந்தது. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது முட்டுக்காடு செங்கல்பட்டோடு போயிற்று. போனது கோடு மட்டும்தான், தூரம் அப்படியேதான் இருக்கிறது: உட்கார முடியாத ஒருவரைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் போய்வந்தால் ஒரு நாள் போய்விடும், அடுத்த நாள் தூக்கியவருக்கு எழுந்திருக்க முடியாது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கே அனுப்பத் தொடங்கியது உண்மையிலேயே நல்ல திருப்பம். வருகிறவர் கை காலை நீட்டிவிட்டுச் சொல்லிக்கொடுத்துப் போகிறார். மறுநாள் முதல் அதைத் தினமும் செய்வது யார் என்றால், திரும்பவும் அந்த அம்மாதான்.

வீட்டுக்கு வெளியே, பணம் அனுப்புகிறவர், பார்த்துக்கொள்கிறவர் இருவரையும் சட்டமும் தனித்தனியாகக் கைவிடுகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயது முடிந்தபின் சட்டப்படி காப்பாளரை நியமிப்பது, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு. காப்பாளராகிறவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது அதன் விதிமுறை. அண்ணன் அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கிய நாளில், தம்பிக்குக் காப்பாளராகும் தகுதியைச் சத்தமில்லாமல் இழந்துவிடுகிறார். அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. அதே பாஸ்போர்ட் இன்னொன்றையும் செய்கிறது. இந்தியக் குடிமகனாக இருந்து வெளிநாட்டுச் சம்பளத்தில் வங்கி வழியாக அனுப்பிய நன்கொடை உள்நாட்டுப் பணம்; குடியுரிமை மாறியபின் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. வாடகை வீட்டில் பத்துப் பிள்ளைகளை வைத்து நடத்தும் தெருமுனை ஸ்பெஷல் ஸ்கூல், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு செய்து டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்குத் திறந்தால்தான் அதை வாங்க முடியும். அடுத்தது வருமான வரி. மாற்றுத்திறனாளி உறவினரைப் பராமரிப்பவருக்கு 75,000 ரூபாய், கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 ரூபாய் கழிவு என்று பழைய வரிமுறையில் வைத்திருக்கிறார்கள், இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். ஊரில் வாடகை வருமானத்துக்கு வரி கட்டும் அண்ணனுக்கு அது கிடைக்காது, அவர் வசிப்பது வெளியில். பார்த்துக்கொள்கிற அக்காவுக்கும் கிடைக்காது, அவருக்கு வருமானமே இல்லை. செலவழிக்கிறவரும் உழைக்கிறவரும் இரண்டு ஆட்களாகப் பிரிந்துபோகும் குடும்பம் ஒன்று இருக்கக்கூடும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இவ்வளவு பேசினாலும் ஒரு மறுப்பு கனமாக மிஞ்சுகிறது. வெளிநாடு என்றாலே டாலர் என்று நினைத்துக்கொள்கிறோம். கடன் வாங்கி விசா எடுத்துப் போய், எட்டுப் பேர் தங்கும் அறையில் படுத்து, மிச்சம் பிடித்து அனுப்புகிறவரிடம் இன்னொரு கூலியையும் கொடு என்பது அநியாயம் இல்லையா? அவருக்கு முடிந்தது ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் அது அம்மாவின் பெயரில் போவதில் ஒரு பொருள் இருக்கிறது என்பேன்; ஆனால் மீதியை அரசுதான் தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வுப்படி நாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் 10.4 விழுக்காடு தமிழ்நாட்டுக்கு வருகிறது. மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம். அந்தப் பணத்தால் கடைத்தெருவுக்கும் அரசின் வரி வருவாய்க்கும் லாபம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டம் வகுக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. கேரளம் ‘ஆஸ்வாஸகிரணம்’ என்ற பெயரில் பார்த்துக்கொள்கிறவருக்கென்றே மாதம் 600 ரூபாய் ஒதுக்கியது. தொகை சொற்பம், இருந்தாலும் அது யாருடைய உழைப்புக்கு என்பதை அரசின் காகிதம் ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் 2011லேயே அயலகத் தமிழர் நலனுக்குச் சட்டம் வந்தது, பிறகு வாரியம் அமைந்தது, ஜனவரி 12 அயலகத் தமிழர் நாள் என்று அறிவிக்கப்பட்டது. வாரியத்தின் உறுப்பினர் படிவத்தில், ஊரில் மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, அவரைப் பார்த்துக்கொள்வது யார் என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் என்ன? உறுப்பினர் ஒரு பங்கு கட்டினால் அரசு ஒரு பங்கு போட்டு, பயிற்சி பெற்ற மாற்று ஆள் ஒருவரை வாரத்துக்கு இரண்டு அரைநாள் அந்த வீட்டுக்கு அனுப்பலாம். பயிற்சிக்குத் தேசிய அறக்கட்டளையின் ‘சஹ்யோகி’ திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தறி நிறுத்திய வீட்டுப் பெண்கள் பலருக்கு அது வேலையாகவும் ஆகும்.

சொந்தக்காரர் கையில் பணம் கொடுத்தால் போன இடம் தெரியாது என்ற பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. அது பல வீடுகளில் நடக்கிறது. ஆனால் இன்றைய முறையில்தான் அந்த ஓட்டை பெரிதாக இருக்கிறது. எல்லாச் செலவுக்கும் சேர்த்து ஒரு மொத்தத் தொகை, வீட்டில் மூத்த ஆணின் கணக்குக்குப் போகிறது. அதில் டயாபருக்கு எவ்வளவு, வீட்டுக்கு மேல்மாடி எழுப்பியதற்கு எவ்வளவு என்று கேட்டால் சண்டை. தனித்தனி வரியாகப் பிரித்தால் கேட்கவே தேவையில்லை. உள்ளூர்க் குழு நியமித்த காப்பாளர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்குத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் கணக்கில் ‘பராமரிப்பவர் கூலி’ என்று ஒரு வரி ஏறிவிட்டால், ‘எனக்குப் பிறகு யார்?’ என்று அந்தத் தாய் இரவெல்லாம் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கும் ஓரளவு பிடி கிடைக்கும். சம்பளம் எழுதிவைத்த வேலைக்கு அடுத்த ஆளைத் தேடலாம், பழக்கலாம். பாசம் என்று மட்டும் எழுதிவைத்த வேலைக்கு யாரைத் தேடுவது?

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பார்த்துக்கொள்கிறவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் மாதம் பிறந்ததும் ஒரு தொகை. கணக்குத் திறக்க ஆதாரும் பான் அட்டையும் போட்டோவும் எடுத்துக்கொண்டு அவர் ஒரு முறை பேங்க் வரை போய்வர வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் யார் உட்கார்ந்திருப்பது என்று அண்ணன் அடுத்த போனில் கேட்கட்டும்.